இன்ஜின் இல்லாத விமானம்

புதிய நாட்டின் விமானப்படைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு கேப்டன் தணிகாசலத்துக்கு வந்தது. ஆண்டுவிட்டுப் போனவர்கள் ஒரே ஒரு விமானத்தை, அதுவும் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு, மைதானத்தில் விட்டுப்போயிருந்தார்கள். படையில் சேர வந்தவர்களை கேப்டன் ஒவ்வொருவராக அதில் உட்காரவைத்தார். பலர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். நர்ஸ் வேலையை உதறிவிட்டு வந்த அற்புதமேரி மட்டும் இறங்கவில்லை.

“அதுல இன்ஜின் இல்லம்மா,” என்றார் கேப்டன் கூச்சத்தோடு.

“தெரியும் சார். அது வர்றதுக்குள்ள நான் பழகிக்கிறேன்.”

அவள் நேராகப் பார்த்தபடி விமானம் ஓட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டு இறங்கிப் போனவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்து விமானத்தைத் தள்ளத் தொடங்கினார்கள். சக்கரங்கள் புல்லில் மெல்ல உருண்டன.

“இன்னும் கொஞ்சம் வேகமா,” என்றாள் அவள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடிப்போய் இறக்கையில் கைவைத்தார்.