பத்து நாள் விடுப்பு

சோப்பு ஃபேக்டரி நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவளுக்குக் கால் நடுங்கவில்லை. நம்பாமல் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

நான்கு வருடம் வாசற்படி தாண்டாதவள்.

தெருவில் கால் வைத்தால் போதும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தேன் என்று தோன்றும். அக்கம்பக்கத்தார் திமிர் என்றார்கள். நாத்தனார் நடிப்பு என்றாள்.

மனநல மருத்துவர் ஒருத்தர்தான் பயம் வந்தால் வரட்டும், ஓடாமல் நின்று பாருங்கள், தானே வடிந்துவிடும் என்றார்.

முதல் நாள் கேட் வரை. மறுநாள் தெருமுனை. பிறகு மருந்துக்கடை. பிள்ளைக்கு நடை பழக்குவதுபோல் கணவன் பத்தடி முன்னால் போய் நின்றுகொண்டு, வா வா என்று கூப்பிட்டான்.

இன்று இரண்டு பஸ் மாறி, தன்னந்தனியாக வந்திருக்கிறாள். கணவன் ஃபிட்டராக வேலை பார்க்கும் இடம். ஃபேக்டரிப் பக்கம் மட்டும் வராதே, ஒரே லாரியாக இருக்கும் என்று அவன் சொல்லித்தான் இருந்தான். சொன்னால் சொல்லட்டும். அவன் வாயைப் பிளப்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஃபிட்டரைப் பார்க்கணும் என்றாள் காவலாளியிடம்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறுதலா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. சம்சாரம் தவறி ரெண்டு மாசம்தான் ஆகுது. பத்து நாள் லீவு முடிஞ்சு வந்த மனுஷன், இன்னும் யாருக்கும் முகம் குடுத்துப் பேசறதில்ல."

பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் அவன் அவளோடுதான் நடந்துகொண்டிருந்தான்.

பயத்துக்கெல்லாமா லீவு என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சிரித்ததை அவனே வந்து சொல்லியிருந்தான். மறுநாளே லீவு எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது வீட்டு கேட்டைத் தாண்டுவது மட்டும்தான் பெரிதாக இருந்தது.

கம்பிக் கதவுக்கு அப்பால் நீலச் சட்டையில் அவன் போவது தெரிந்தது. கையில் ஏதோ இரும்புக் குழாய். எதிரே வந்த ஒருவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டால் அவன் வேலை போய்விடும்.

காவலாளி போனைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் வந்திருப்பதாகச் சொல்லட்டும் என்றார்.

"வேண்டாங்க, வேலையா இருப்பாரு. நான் தூரத்துச் சொந்தம்," என்றாள் அவள். "சாவுக்கு வர முடியல."