எச்சில் பலகை

"சீச்சீ! இதைப் பியானோன்னு சொல்றதா, எச்சிப் படிக்கம்னு சொல்றதா?"

கைலாசம் கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பாட்டுத் தாள் சாய்த்துவைக்கும் பலகையின் விளிம்பெல்லாம் வெற்றிலைச் சாறு காய்ந்து கறுத்திருந்தது. அதில் வரிவரியாகப் பல் தடம் வேறு. எலி என்று சொல்லலாம் என்றால், எந்த ஊர் எலி வெற்றிலை போடுகிறது?

ரிப்பேர் வேலைக்கென்று சேலத்திலிருந்து குமாரபாளையத்துக்கு பஸ் ஏறி வந்ததே இந்தக் கண்ணராவிக்குத்தானா! ஏற்காட்டுத் துரை ஏலம் விட்டுப்போன பழைய பியானோ அது. மூடியைத் திறந்தால் எலிப்புழுக்கை நாற்றம். தந்தியை அமுக்கி ஓசையை நிறுத்தும் டாம்பர் கட்டைகளில் பாதிக்கு மேல் கம்பளியே இல்லை. கால்மிதியும் முறிந்து போயிருந்தது. ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது சேர்ந்துகொண்டு ஒரே சந்தை இரைச்சல்.

வேலைக்காரி பெருமாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிச்சமிருக்கற கட்டையையும் தூக்கிக் கட்டிப்போடச் சொன்னாங்க அம்மா. ஓசை நிக்கவே கூடாதாமுங்க."

"என்னது? இது சங்கீதமா, ஆலைச் சங்கா?"

"அதில்லீங்க சாமி, அம்மா வந்து..."

"நீ பேசாதே! இருவது வருசம் மெட்ராஸ்ல இதே தொழில் பாத்தவன் நான். நாலு பேர் காறித் துப்பற வேலையை என் கை செய்யாது."

கோபத்தில் கழற்றிய முன்பலகை கைநழுவித் தடாலென்று விழுந்தது. பெருமாயி துள்ளிவிட்டாள். ஜன்னலோரம் குட்டை முக்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த தெய்வநாயகி அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜவுளிப் பணம் கொடுத்த திமிர் என்று கைலாசம் மனதுக்குள் வைதார்.

பழைய கம்பளியைச் சுரண்டி எறிந்து புதுசு ஒட்டினார். தொய்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றினார். அருவருப்புத் தாங்காமல் அந்தப் பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். சாயங்காலம் தட்டிப் பார்த்தபோது, விரலை எடுத்த மறுநொடியே ஓசை கத்தரித்தாற்போல் நின்றது.

"இதுக்குப் பேர்தான் வேலை. உங்கம்மாவைக் கூப்பிடு!"

பெருமாயி போய்த் தோளைத் தொட்டாள். அம்மாள் முக்காலியோடு வந்து பியானோ முன் உட்கார்ந்து ஒரு சுரத்தைத் தட்டினார். பிறகு குனிந்து, கைலாசம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பலகை விளிம்பைப் பல்லால் கவ்விப் பிடித்தார்.

அடக் கருமமே, இந்த அம்மாளா! கைலாசம் ஓரடி பின்வாங்கினார்.

அம்மாள் மறுபடி தட்டினார். இரண்டு கையாலும் படபடவென்று தட்டினார். பிறகு வாயை எடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பெருமாயியைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

பெருமாயி கைலாசத்தின் பக்கம் திரும்பினாள்.

"காது போயி ஏழு வருசமாச்சுங்க. ஓசை நிக்காம அதிர்றதைப் பல்லுலதானுங்க கேட்டுட்டிருந்தாங்க!"