வெள்ளைக் குருவியின் கழுத்து

“நீங்க வித்தது குருவியா, ரவுடியா?”

வெதூரியா கூண்டைக் கடை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். பிரைலா நகர மார்க்கெட்டில் காய் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூண்டில் இரண்டு ஃபின்ச் குருவிகள். போன வருஷம் பறவைக்கடை சபின் விற்ற சிவப்பு மூக்குக் குருவி, மேல்குச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் குருவி கூண்டின் தரையில், கதவோரமாக ஒடுங்கிக் கிடந்தது. அதன் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. தோல் ரணமாய்ச் சிவந்திருந்தது.

“வெள்ளை என் கடைச் சரக்கு இல்லையே. என் மேல ஏன் பாயறீங்க?” என்றான் சபின்.

“அது எங்க அப்பாவோடது. ஆறு வருஷமா அவர் ரூம்ல தனிக் கூண்டுல இருந்துச்சு. மூணு வாரம் முன்னாடி அவரை முதியோர் இல்லத்துல சேர்த்தோம். இது தனியா ஏங்குமேன்னு அந்தப் பாவியோட விட்டேன். ரெண்டு கூண்டு கழுவ எனக்கும் முடியலை.”

“ரெண்டுக்கும் ஒத்துப்போகுமான்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“ரெண்டும் குருவிதானே! பழகிடும்னு நினைச்சேன்.”

“பழகிடும்ங்கறது நம்ம வசதிக்கு நாமளே சொல்லிக்கறதும்மா.” சபின் வெள்ளையைக் கையில் எடுத்தான். “இந்தக் கூண்டு சிவப்பு மூக்கனோட வீடு. அவன் வீட்டுக்குள்ள இதைத் தூக்கிப் போட்டுட்டீங்க. அவன் விரட்டாம என்ன செய்வான்? இது சாது ஜாதி. திருப்பிக் கொத்தத் தெரியாது. தப்பிச்சு ஓடவும் இடமில்லை.”

“மூணு வாரமா ஒரு சத்தம்கூடப் போடலையே!”

“போடாது. கடைசி நாள் வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரியே உட்கார்ந்திருக்கும். நாமதான் பார்க்கணும். மத்தது தின்னு முடிச்சப்புறம்தான் தீனிக்கு வருதா? வெயில்லயும் இறகை உப்பிக்கிட்டு இருக்கா? கதவோரமே கதின்னு கிடக்கா? அப்போ அடி வாங்குதுன்னு அர்த்தம்.”

வெதூரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று கூண்டைக் கழுவும்போதுதான் அந்தக் கழுத்தையே பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

“பிழைக்குமா?”

“இன்னிக்கே பிரிச்சா பிழைக்கும். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா தீப்பெட்டியில வெச்சுப் புதைச்சிருப்பீங்க. தனியா வைக்க வீட்ல இடம் இருக்கா?”

“இடத்துக்கு என்ன? ஒரு ரூமே காலியாக் கிடக்கு.”

விசாலமான கூண்டாகப் பார்த்து வாங்கினாள். வெள்ளைக்குத் துணையாக அதே சாது ஜாதியில் இன்னொன்றைத் தேட ஒரு மணி நேரம் ஆனது. இது கொத்துமா? அது துடுக்கா? இன்னொன்று ஏன் பக்கத்திலிருப்பதை நெட்டித் தள்ளுகிறது? சபினைத் துளைத்து எடுத்துவிட்டாள்.

“மாப்பிள்ளை பார்க்கறப்போகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க” என்று சிரித்தான் அவன். “இந்தச் சின்னக் கூண்டையும் கொண்டு போங்க. புதுசைப் பத்து நாள் இதுல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒட்டி ஒட்டி உட்கார்ந்தா மட்டும் சேர்த்து விடுங்க. உங்க மாதிரி மனசு எல்லாருக்கும் வராதும்மா.”

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனாள். நல்ல ஜூலை வெயில். கையில் செர்ரி வைத்துச் சுட்ட பிளச்சிந்தா அப்பம், சூடு ஆறாமல்.

இரண்டு கட்டில் போட்ட அறை அது. சேர்த்த அன்று, “துணைக்கு ஆள் இருக்குப்பா, பழகிடும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள், இப்போதுதான் மறுபடி வருகிறாள்.

ஜன்னலோரம், வீட்டிலிருந்து அப்பாவுக்காக அவள் அனுப்பிய சாய்வு நாற்காலியில், பக்கத்துக் கட்டில்காரர் நெக்குலாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆள் மலை மாதிரி இருந்தார். அப்பா கதவோரம் ஒரு ஸ்டூலில். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு.

“என்னப்பா, நாற்காலியைத் தானம் பண்ணிட்டீங்களா?”

“அவருக்குக் கால் வலிம்மா.”

அவள் பிளச்சிந்தாவைப் பிரித்தாள். அப்பா அவசரமாகச் சொன்னார்: “முதல்ல அவருக்குக் குடு. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

நெக்குலாய் தட்டோடு வாங்கிக்கொண்டார். வெதூரியா குருவிக் கதையை ஆரம்பித்தாள். சிவப்பு மூக்கனின் அட்டூழியம், சபின் சொன்னது, புதுக்கூண்டு, புதுத் துணை. மூச்சுவிடாமல் சொன்னாள்.

“பாவம். கத்தலையா அது?” என்றார் அப்பா.

“கத்தாதாம்பா. கடைசி நாள் வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரியே...”

அவள் கண் கம்பளித் துண்டில் இருந்தது. அங்கிருந்து ஸ்டூல், கதவு, ஜன்னலோரம் காலியாகிக்கொண்டிருந்த தட்டு.

மெல்ல எழுந்துபோய்த் துண்டை விலக்கினாள். கழுத்தில் நாலு விரல் தடம், நீலம் பாய்ந்து.

“குளிக்கறப்போ வழுக்கி விழுந்துட்டேம்மா.” அப்பா துண்டை இழுத்து மூடிக்கொண்டார். நெக்குலாய் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. பேச்சை மாற்றச் சிரித்தபடி கேட்டார்:

“அது கிடக்கட்டும். வெள்ளையனோட புதுக்கூண்டை எங்கே வெச்சிருக்கே?”

வெதூரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க... உங்க ரூம்லதான்பா.”