காரி எருமை ஓடின பத்து மைல்

ஐந்து கன்று போட்டு வளர்த்த பிறகு காரி எருமைக்கு ஓட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. பத்து மைல் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாள். பொழுது சாய்ந்து கொடியை இறக்குவதற்குள் எல்லையைத் தொட வேண்டும்.

"உனக்கெதுக்கு அக்கா இதெல்லாம்? சேற்றைப் பார்த்தா படுத்துக்குவே," என்றது அவள் முதுகிலேயே குடியிருக்கும் கொக்கு.

"படுப்பேன்தான். எழுந்தும் ஓடுவேன், பாரு."

ஏழாவது மைலில் குளுகுளுவென்று ஒரு குட்டை. காரி ஆசை தீரப் புரண்டாள். ஆடுகளெல்லாம் தாண்டிப் போயின. அவளுக்குக் கண் சொக்கியது.

"நான் சொன்னேனில்லே?" என்றது கொக்கு.

அது சுருக்கென்று தைத்தது. உதறிக்கொண்டு எழுந்தாள், ஓடினாள். கொடியை இறக்க நரி கை வைக்கிற நேரத்தில், கடைசி ஆளாக எல்லையைத் தொட்டுவிட்டாள்.

"அடேயப்பா, இந்த வயசிலா!" என்று வாயைப் பிளந்தது நரி.

காரி மூச்சு வாங்குவதற்குள் கொக்கு முந்திக்கொண்டது: "ஆமா அண்ணே, பத்து மைலும் ஓடியே வந்துட்டோம். கால்தான் கொஞ்சம் வலிக்குது."