பல் தடம்

“வாயைத் திற, டெல்பர்ட்.”

நடுவர் நோவாக் இப்படிச் சொன்னதும் கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிகாகோவில் புகையிலைப் பைப் கண்காட்சியின் கடைசி நாள். ஓட்டலுக்குள் புகைக்கக் கூடாது என்பதால், கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு புகையிலை. பற்றவைத்த பிறகு மறுபடி தீக்குச்சியைத் தொடக் கூடாது. யாருடைய பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ, அவருக்குக் கோப்பை.

மிச்சம் இருந்தது இரண்டே பேர். டெல்பர்ட்டும், அவருடைய நண்பர் கிளிஃபும்.

“எதுக்குத் திறக்கணும்?” என்றார் டெல்பர்ட், பைப்பைப் பல்லிலிருந்து எடுக்காமலே.

“ஒரு பக்கமா ஒதுக்கி ஒதுக்கிப் பேசுற. பைப்பைத் தவிர வாயில வேற எதையும் வச்சிருக்கக் கூடாதுங்கிறது விதி.”

“யோவ் நோவாக், நீ பேசுறதே சூடான உருளைக்கிழங்கை வாயில போட்ட மாதிரிதான் இருக்கு. முதல்ல உன் வாயைக் காட்டு!” என்றார் கிளிஃப்.

கூடாரமே சிரித்தது.

“காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டார் போல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நோவாக் தன் பைப்பைக் கடித்தபடி அசையாமல் நின்றார்.

டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். கிறிஸ்துமஸுக்கு வந்தது. ஈஸ்டரும் போய்விட்டது, ஆறவில்லை. இன்று காலை ஆரஞ்சு ஜூஸைத் தொடாமல் வைத்ததைப் பார்த்து, “என்னங்க, உடம்பு சரியில்லையா?” என்று மனைவி லோயிஸ் கேட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்வார். பெயர் வைக்காதவரை அது வெறும் புண்தானே? கண்ணாடி முன்னால் வாயைத் திறப்பதையே அவர் விட்டுவிட்டார்.

இந்த நோவாக் காலையிலிருந்தே விடவில்லை. டெல்பர்ட் கடை பரப்பியிருந்த மேசைக்கு வந்து, அவர் புகைத்துப் பழகிய ஒரு பைப்பை எடுத்துக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உன் பல் தடமெல்லாம் இடப்பக்கம் இருக்கு. இன்னிக்கு வலப்பக்கம் கடிக்கிறியே, ஏன்?”

“பல் வலி.”

மதியம் மறுபடி வந்து கேட்டார். அப்போதும் பல் வலி.

இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறார்.

“காட்டித் தொலையேன்யா,” என்றார் கிளிஃப். “உன் வாயில என்ன தங்கமா இருக்கு?”

டெல்பர்ட் உதட்டை இறுக்கிக்கொண்டார். திறந்தால் அத்தனை கண்களும் பார்க்கும். யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில் பைப்பை இழுக்கவே மறந்துபோனார். புகை நூலாக மெலிந்தது. பிறகு அதுவும் இல்லை.

“அணைஞ்சிடுச்சு. டெல்பர்ட் வெளியே,” என்றார் நோவாக்.

“இப்படி வர்ற கோப்பை எனக்கு வேண்டாம்!” கிளிஃப் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மூணு வருஷத்துக்கு முன்னாடி இவன்கிட்ட தோத்த ஆளு நீ. அதுக்கப்புறம் போட்டியில உட்காரவே உனக்குத் தைரியம் வரல. இப்ப நடுவர் வேலையை வாங்கிக்கிட்டுப் பழி தீர்க்கிறியா?”

“வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன்,” என்றது பின்னால் இருந்த குரல்.

டெல்பர்ட் யார் முகத்தையும் பார்க்காமல் தன் காரை நோக்கி நடந்தார். பின்னால் காலடி கேட்டது. வேகமாக நடந்தார். காலடியும் வேகமாக வந்தது. கார் கதவருகே அவசரத்தில் சாவி கீழே விழுந்தது.

நோவாக் குனிந்து எடுத்தார். கொடுக்கவில்லை.

“ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கிக் கொடுத்துட்ட. இன்னும் என்ன வேணும்?” என்றார் டெல்பர்ட்.

“உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல. திட்டெல்லாம் எனக்குத்தான். காதுல விழல?”

“அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?”

“தனியா ரெண்டு தடவை கேட்டேன். பல் வலின்ன. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், ஒரு வருஷம்.” நோவாக் ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று வெளியே தள்ளினார். “அந்தப் புண்ணு மேல இன்னும் ஒரு மணி நேரம் புகை போறதை நின்னு பாக்க என்னால முடியல.”

“எந்தப் புண்ணு?” என்றார் டெல்பர்ட்.

நோவாக் தன் பைப்பை வாயிலிருந்து எடுத்து நீட்டினார். புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் மரம், வாங்கிய அன்று இருந்ததுபோலவே வெளுப்பாக இருந்தது. ஒருமுறைகூட அதில் நெருப்பு பட்டதில்லை.

பிறகு அவர் வாயைத் திறந்தார்.

நாக்கில் இடது பாதி இல்லை.

“கிளிஃப் சொன்ன மாதிரி முதல்ல நான் காட்டிட்டேன்,” என்றார் நோவாக். “இப்ப நீ திற, டெல்பர்ட்.”