நெக்ஸ்ட் பொத்தானைக் காணோம்

“இன்னும் கண்ணைத் தொறக்கலியே, மேடம். காலையில இருந்து அப்படியேதான் கெடக்கு.”

போனில் வந்த குரலைக் கேட்டால் யாரோ ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசுவதாகத்தான் தோன்றும். படுத்துக் கிடந்ததோ ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர். பேசியவன் ஸ்டோர்ஸைக் கவனிக்கும் ஐயனார், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை.

குன்றத்தூரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில், ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி வினோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எதிரிலேயே முதலாளி ரகுபதி உட்கார்ந்திருந்தார்.

தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கணக்கு சாப்ட்வேர் விற்பது அவர்கள் தொழில். அதற்கு அடியில் டேட்டாபேஸ் சர்வர் என்று ஒன்று ஓட வேண்டும். அது படுத்துவிட்டால் லாரிக்கான சீட்டுகூட அச்சாகாது. பழைய சர்வர் அடிக்கடி படுக்கும். வினோதினிதான் போனிலேயே வழி சொல்லி எழுப்பி உட்கார வைப்பாள்.

அதிகம் கூப்பிட்டவன் ஐயனார்தான். முகம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் வராத நாளில் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்குவதில்லை.

ரகுபதி புதிதாக ஒரு சர்வரைப் பார்த்து வைத்திருந்தார். சிடியைப் போட்டு ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கினால் தானே ஏறிவிடும், அப்புறம் படுக்கவே படுக்காதாம்.

“முதல்ல ஐயனாருக்கு அனுப்பிப் பார்ப்போம்மா. அவரே தனியா போட்டுட்டார்னா எல்லா கம்பெனிக்கும் இதான். நீயும் போனைக் கட்டிக்கினு அழ வேணாம், பில்லிங் பக்கம் வந்துடு,” என்று சொல்லி, சிடியை ஒரகடத்துக்கு அனுப்பியிருந்தார்.

போனை விட்டால்தான் அழுகை வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

“ஸ்க்ரீன்ல இப்ப என்ன தெரியுது, சார்?”

“நெக்ஸ்ட் பொத்தானையே காணோம், மேடம்.”

“வலது பக்கம், கீழே பாருங்க.”

“கீழ மேசைதான் இருக்கு.”

அவனுக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. “அந்தோணி, அடுத்த லாரியை உள்ள வுடு!” என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் வினோதினியும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“பொறுமையா தேடுங்க சார், அங்கதான் இருக்கும்.”

“நமக்கு அம்புட்டு வெவரம் பத்தாது, மேடம். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரி சொன்னாத்தான் எதுவும் ஏறுது.”

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அப்படிச் சந்தோஷப்படுவதற்காகத் தன்னையே மனசுக்குள் திட்டிக்கொண்டாள். ரிசீவரைக் கையால் பொத்தி, “சார், சர்வர் மேல தப்பு இல்லைன்னு தோணுது. இன்னொரு தடவை பார்க்கலாமே,” என்றாள் முதலாளியிடம்.

“இன்னாம்மா இது? எல்.கே.ஜி. பசங்களே போட்டுடுவாங்கன்னு சொல்லித்தானே வித்தவன் என் தலையில கட்டினான்!” ரகுபதி தாடையைச் சொறிந்தார். “அவருக்கு எங்க சிக்குதுன்னு நேர்ல பார்த்தாத்தான் தெரியும். காலையில நீயே ஒரகடம் போய் போட்டுக் குடுத்துட்டு வா. அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.”

வினோதினிக்குக் காது மடல் சூடேறியது. ரிசீவரைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

“ஐயனார் சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு நானே நேர்ல வந்து போட்டுக் குடுக்கறேன்.”

எதிர்முனையில் அந்தக் குரல் துள்ளிக் குதித்தது.

“நெசமாவா மேடம்? அப்பம் காலையிலயே போட்டு முடிச்சதை இப்பமே அழிச்சிருதேன்!”