வண்டி சூடாகும் வரை

சத்தம் வரவில்லை.

திண்டல் தாண்டியாயிற்று. பத்தொன்பது வயதுக் கார் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பெரியவருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் சங்கடம். இல்லாத நோவுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு அலைகிற மாதிரி.

இடது இருக்கையில் மெக்கானிக் அர்த்தநாரி, காதை டேஷ்போர்டுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

நான்கு வருடமாக அந்த இருக்கையில் காய்கறிப் பைதான் உட்கார்ந்து வருகிறது.

பட்டறையில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆயில் அளவு சரி. ஆயில் விளக்கின் சுவிட்சைப் போன வாரமே மாற்றியாயிற்று. இன்று மீட்டர் மாட்டிப் பார்த்ததில், ஆறிக் கிடந்த இஞ்சின் நல்ல பிரஷரைக் காட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிடுமே, அதுபோல.

"சூடானாத்தானுங்க தெரியும். ஆயில் இளகோணும். ஒரு நடை போய்ட்டு வந்துரலாம்" என்று அர்த்தநாரி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நடை.

காலையில் சவரம் செய்துகொண்டது நல்லதாகப் போயிற்று என்று அவர் நினைத்தார்.

பேச்சு வெயிலில் ஆரம்பித்தது. அங்கிருந்து குடிதண்ணீருக்குப் போனது. குடிதண்ணீரிலிருந்து மூட்டு வலி. அர்த்தநாரி "ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும். மூட்டு வலியை விட்டுவிட்டு, பெரியவர் இந்தக் காரை வாங்கிய கதைக்கே வந்துவிட்டார்.

"கிரைண்டர் வாங்கத்தான் தம்பி கோயமுத்தூர் போனோம். நானும் வசந்தாமணியும். பஸ் ஸ்டாண்டு தாண்டி நடக்கறோம், சோன்னு மழை. ஒதுங்குன இடம் கார் ஷோரூம். அவளுக்குக் கால் வலி. நாற்காலி ஒண்ணும் காணோம். அங்க நின்ன கார்ல சும்மா உட்காரத்தான் உட்கார்ந்தா. உட்கார்ந்தவ..."

"சார்."

அவர் திரும்பினார்.

"கொஞ்சம் பேசாம வாங்க சார். எனக்குச் சத்தம் கேக்கோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குத்தான் காது மடல் சுட்டது.

வாயை மூடிக்கொண்டார்.

பேசிக்கொண்டே வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கேட்க ஆள் இருந்தது.

இன்னொன்று, பெங்களூரில் இருக்கும் மகன். "இஞ்சினை இறக்கணும்னு சொன்னாங்கன்னா வித்துடுங்கப்பா. எங்க போறதுன்னாலும் நான் இங்கேயிருந்தே டாக்சி போட்டு விடறேன்" என்று சொல்லியிருந்தான். நல்ல பையன்தான். சொன்னால் செய்துவிடுவான்.

சத்தம் கேட்காதவரை கார் அவருடையது.

டயர் ஓடுகிற ஓசை கேட்டது. பின்னால் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பெருந்துறைச் சாலை இவ்வளவு நீளமா என்றிருந்தது.

சிக்னலில் சிவப்பு. நிறுத்தினார்.

கெண்டி எரிந்தது.

டேஷ்போர்டில் மூக்கு நீண்ட அந்தச் சிவப்பு ஆயில் விளக்குக்கு வசந்தாமணி வைத்த பெயர் அது. சாவி போட்டதும் எரியும், வண்டி கிளம்பியதும் அணையும். "கெண்டி அணைஞ்சிருச்சு, போலாம்" என்பாள். அவள் இருந்தவரை, அவள் சொல்லாமல் அவர் ஒரு நாளும் கியர் போட்டதில்லை.

இப்போது அது அணையவில்லை.

பிறகு சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

பக்கத்து வீட்டில் யாரோ நிதானமாக ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

பச்சை விழுந்தது. அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். கெண்டி அணைந்தது. சத்தம் அணையவில்லை.

"அணைஞ்சிருச்சு தம்பி" என்றார். தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஓரங்கட்டுங்க சார். ஆஃப் பண்ணிருங்க."

புளியமரத்து நிழலில் நிறுத்தினார். அர்த்தநாரி இறங்கி பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தார். நிழலை விட்டு வெளியே வந்து விரலை வெயிலில் பிடித்தார்.

கரிய ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி மினுங்கியது. பார்க்க அழகாக இருந்தது.

"பேரிங் தேஞ்சு வருதுங்க."

"இறக்கோணுமா?"

"இறக்கித்தானுங்க ஆகோணும். இனி ஒரு அடி ஓட்டப்படாது."

அவர் தலையாட்டினார். எதற்கோ கைக்குட்டையை எடுத்தார். எடுத்ததற்காக ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

அர்த்தநாரி பட்டறைக்குப் போன் செய்தார். கட்டி இழுத்துப் போக வண்டியும் கயிறும் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

முக்கால் மணி நேரம். இனி அர்த்தநாரி மரத்தடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தப்பில்லை.

இடது பக்கக் கதவு திறந்தது.

அர்த்தநாரி ஏறி உட்கார்ந்தார். இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். கட்டைவிரலைப் பழந்துணியில் துடைத்தார்.

இஞ்சின் அணைந்த காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"அப்புறம்? அம்மா இறங்க மாட்டேன்னுட்டாங்களாக்கும்?"

விட்ட இடம் பெரியவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"கிரைண்டர் வாங்கத்தான் தம்பி கோயமுத்தூர் போனோம்" என்று ஆரம்பித்தார்.